அம்புச்சுனைக்கு ஒரு சாட்சி

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவரிடம் அடுப்படி வரை தூக்கிவைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வயதில் இடுப்போடு விளையாட முடியாது. அவர் போன கையோடு தபால்காரர் வந்து ஒரு பதிவுத் தபாலை நீட்டினார். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் வல்லக்குறிச்சி என்ற ஊரிலிருந்து. அனுப்பியவர் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்புச்சுனை ராமர் திருப்பணிக் குழுவின் செயலாளர்.

கடிதத்தில் ஒரு பிழை இல்லை. விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே ஒரு பொத்தை இருக்கிறது. அந்தப் பக்கம் சிறு குன்றைப் பொத்தை என்பார்கள். அதன் அடியில் ஒரு சுனை. வனவாசத்தில் சீதைக்குத் தாகம் எடுக்க, ராமர் பாறையில் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீராம். குழுவினர் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கதவு போட்டுப் பூட்டி, தரிசன நேரத்தில் மட்டும் திறக்கப் போகிறார்கள். பொத்தையை ஒட்டிய மேட்டுத்தெருக்காரர்கள் குடிக்கவும் புழங்கவும் அங்கேதான் தண்ணீர் எடுக்கிறார்கள். அது சுனையே இல்லை, சர்க்கார் போட்ட போர், பூட்ட விடமாட்டோம் என்று அவர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். பதினேழாம் தேதி வட்டாட்சியர் விசாரிக்கிறார்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், 1982இல் எங்கள் புவியியல் துறை அங்கே சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று பார்க்க எட்டு இடங்களில் துளை போட்டது. ஆவுடையப்பன் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பழைய பதிவேட்டை வாங்கிவிட்டார். அதன்படி ஐந்தாம் எண் துளை சுனைக்கு மேற்கே அறுபதடி தள்ளி இருக்கிறது. ஆகவே துளை வேறு, சுனை வேறு. பதிவேட்டின் அடியில் புவியியலாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பது அடியேன் நல்லசிவம். நான் நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஊர் எனக்குச் சரியாக ஞாபகம்கூட இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

கொள்ளு ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்துபோனது. மனைவி பாக்கியம் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. சமையல் மட்டும் கைவரவே இல்லை.

புத்தகத்தில் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற நாளிலிருந்து எழுதுகிறேன். மலையும் பாறையும் ஆறும் புராணக் கதைகளுக்குச் சான்று சொல்லுமா என்பதுதான் பொருள். பத்து அத்தியாயத்தில் ஒன்பது முடிந்திருக்கிறது. ஒன்பதிலும் சான்று சொல்லாது என்றுதான் வருகிறது. சஞ்சீவி மலையை அனுமார் தூக்கிப் போகும்போது உதிர்ந்த துண்டு என்று நம் ஊரில் எத்தனை மலைகள்! நான் ஏறிப் பார்த்தவற்றில் எல்லாம் பக்கத்து மலையில் இருக்கும் அதே பாறைதான். வடக்கிலிருந்து வந்து விழுந்த கல் ஒன்றுகூட இல்லை. பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள், போய்ப் பார்த்தால் சமண முனிவர்களுக்காக வெட்டிய படுக்கை. ராமர் பாதம் என்பார்கள், மழையும் வெயிலும் அரித்த குழி.

பத்தாவது அத்தியாயம்தான் மிச்சம். அதில் மட்டும், கதை சொன்னது சரி, பாறை அதற்குச் சாட்சி என்று வர வேண்டும். ஏழு வருஷமாக அந்த ஒரு அத்தியாயத்தை என்னால் எழுத முடியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நாட்குறிப்பிலும் பொய் எழுதினால் பிறகு எங்கேதான் உண்மையை எழுதுவது?

வல்லக்குறிச்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொத்தையின் தெற்குச் சரிவில் ஒற்றை வேப்பமரம், அதன் கீழே எங்கள் கூடாரம், கூடாரத்திலிருந்து ஐந்தாம் துளைக்கு இருநூற்றுப் பத்துத் தப்படி.

துளை மிஷினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனை சூடேறி உடைந்துவிடும். மேட்டுத்தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் ஒரு மைல் தள்ளியிருந்த கிணற்றிலிருந்து சுமந்து வந்து ஊற்றினார்கள். குடத்தை இறக்கியதும் மற்றவர்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். மாடத்தி மட்டும் நேரே என்னிடம் வருவாள். துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லை நான் பெட்டியில் வரிசையாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தைந்து.

"இந்தக் கல்லுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பல கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல் இருந்துச்சுன்னு எழுதியிருக்குங்க."

"ஒரு கடலையே குடுத்துட்டுத் திருப்பி வாங்கிட்டாவளா? எங்க ஊரு ராசி அப்படி!"

நான் ஈரோட்டுக்காரன். குழந்தையிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேச வரும். தண்ணீர் சுமக்கிற பெண்ணை ஒரு ஆபீசர் 'ங்க' போட்டுக் கூப்பிடுகிறார் என்று மற்ற பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பிறகு வேண்டுமென்றே "சொல்லுங்க ஆபீசருங்க" என்பாள்.

ஐந்தாம் துளைக்கு மேலதிகாரி வந்து இடம் குறித்து முளை அடித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டார். மறுநாள் மிஷினை நிறுத்தப் போகும்போது மாடத்தி குறுக்கே வந்து நின்றாள். அவள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"சார், அங்கன போடாதிய. இந்தா, இங்கனதான் ராமரு அம்பு விட்டாரு. சீதைக்குத் தாகம்னு. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இங்கன சுனை இருந்துச்சாம். பெறவு தூந்துபோச்சு. இங்கன போடுங்க, தண்ணி வரும்."

முளையிலிருந்து கிழக்கே அறுபதடி. நான் மிஷினை நகர்த்தினேன். மூன்றாம் நாள், நூற்றுப் பத்தடியில், கம்பியை உருவியதும் தண்ணீர் தானாகவே ஏறி வந்து வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் அந்தக் கிணற்றுக்கு நடக்கவில்லை.

பதிவேட்டில் முளை அடித்த இடத்தையே எழுதினேன். உத்தரவில்லாமல் நகர்த்தியது தெரிந்தால் மெமோ வரும். அதைவிடப் பெரிய பயம், ஏன் நகர்த்தினாய் என்று கேட்டால் ராமர் அம்பு விட்ட இடம் என்றா சொல்வது? துறை முழுவதும் சிரிக்கும். இரண்டு இடத்திலும் ஒரே சுண்ணாம்புக்கல்தான் கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பத்தாவது அத்தியாயம் இதுதான். ஒரு கதை, தூர்ந்துபோன ஒரு ஊற்றின் இடத்தைத் தலைமுறை தலைமுறையாக ஞாபகம் வைத்திருந்தது. நானே பார்த்த சான்று. ஆனால் எழுத முடியாது, என் கையெழுத்தே எனக்கு எதிர்சாட்சி.

மூன்று வாரத்தில் எனக்குத் தர்மபுரிப் பக்கம் மாற்றல் வந்தது. ஜீப் காத்துக்கொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள் மங்கை பெங்களூரிலிருந்து பேசினாள். மாத்திரை போட்டீங்களா, நடந்தீங்களா என்ற வழக்கமான விசாரணை. வல்லக்குறிச்சிக்குப் போகிறேன் என்றேன்.

"நாப்பது வருஷத்துக்கு முந்தின பேப்பருக்காக இப்ப எதுக்குப்பா அலையறீங்க? தபால்ல எழுதிப் போட்டா ஆகாதா?"

"நேர்ல வரச் சொல்றாங்க கண்ணு."

"அங்க யாருப்பா இருக்காங்க?"

"யாரும் இல்ல."

கேள்வி சாதாரணமாகத்தான் கேட்டாள். நான்தான் பதிலைச் சட்டென்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். எட்டு சட்டை. ஆறு நாள் பயணத்துக்கு எட்டு சட்டை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று மாலை சங்கரன்கோவில் வந்து சேர்ந்தேன். லாட்ஜில் சுத்தமான அறை. கொசு மட்டும் சுத்தமாகக் கடிக்கிறது.

காலையில் ஆவுடையப்பன் ஆட்டோவோடு வந்துவிட்டார். எழுபது வயது, ஓய்வுபெற்ற பிறகு இந்த ஊரில் வந்து குடியேறியவர், நெற்றியில் ஒற்றை நாமக்கோடு, துவைத்த வேட்டி. நான் ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்தேன். இவர் ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார், வெயில் படுகிறது என்று தன் துண்டை எடுத்து என் தலையில் போடுகிறார். இப்படிப்பட்டவரை எதிர்ப்பது கஷ்டம்.

வேப்பமரம் இல்லை. பொத்தையின் பாதியைக் காணோம், எப்போதோ கல் உடைத்திருக்கிறார்கள். அடிவாரத்தில் சிமெண்ட் தொட்டி கட்டி, தண்ணீர் வருகிற இடத்தில் ஒரு கல் பதித்திருந்தார்கள். கல்லில் அம்பு செதுக்கி மஞ்சள் பூசியிருந்தது. பலகையில் 'யுகம் யுகமாய் வற்றாத தீர்த்தம்' என்று எழுதியிருந்தது. தொட்டியைச் சுற்றி இருபது இருபத்தைந்து பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றை ஒட்டிச் சுவருக்கான கடைக்கால் தோண்டிவிட்டார்கள். குடத்தோடு நின்ற பெண்கள் ஆவுடையப்பனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

நான் குனிந்து, கல்லுக்கு அடியில் தண்ணீர் வரும் வாய்க்குள் விரலை விட்டேன். மரை தட்டுப்பட்டது. இரும்புக் குழாயின் மரை, நான் நின்று இறக்கிய குழாய். துருவேறி மெலிந்திருந்தாலும் இன்னும் இருக்கிறது. விரலை எடுக்கவே மனம் வரவில்லை.

"என்ன சார், சில்லுன்னு இருக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

"இருக்குங்க."

திரும்பும் வழியில் நான் மெதுவாக ஆரம்பித்தேன். "ஒரு இடத்தைக் காட்டி இங்கதான் நடந்துச்சுன்னு சொன்னா, இடம் இருக்குது, சரி. அதனால கதை நடந்ததுன்னு ஆயிருமாங்க?"

அவர் கோபிக்கவில்லை. "சார், நான் முப்பத்தஞ்சு வருஷம் வாத்தியாரு. நீங்க கேக்கது எனக்குப் புரியுது. ராமேசுரத்துல ஒரு எடம் சொல்லுதாவ, வேதாரண்யத்துல ஒரு எடம் சொல்லுதாவ. வழி நெடுக இத்தன பேரு ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ஒரே கதையச் சொன்னா, அதுல ஒண்ணும் இல்லாமலா இருக்கும்? கல்லுல நீங்க வயசு பாக்கிய. நாங்க எடத்துப் பேருல பாக்கோம்."

"பூட்டு எதுக்குங்க?"

"நேத்து ஒரு புள்ள அங்கன நின்னு சோப்புப் போட்டுக் குளிக்கி சார். சீதை குடிச்ச தண்ணியில. எனக்கு மனசு கேக்கல." சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யான ஆள் இல்லை அவர். அதுதான் சிக்கல்.

பிப்ரவரி 15, சனி

காலையில் ஒரு துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து மேட்டுத்தெருவுக்குப் போனேன். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று ஆவுடையப்பன் காட்டியிருந்தார். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, மாடத்தி.

அவள் வீட்டு வாசலில் தகர டப்பாவில் துளசி வைத்து அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை ஒரு கணம் பார்த்தாள்.

"வாங்க ஆபீசருங்க," என்றாள்.

என்ன பேசுவதென்று நாள்கணக்காக யோசித்து வைத்திருந்தது அத்தனையும் போய்விட்டது. நல்லாயிருக்கீங்களா என்று மட்டும் கேட்டேன். நல்லாயிருக்காளாம். வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். என்னைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பாக்கியத்தின் பெயரைச் சொன்னபோது, "பேரே நல்லா இருக்கு," என்றாள். கருப்பட்டி போட்டுக் காப்பி கொடுத்தாள். அதை நான் சர்க்கரைக்காரன் என்று மறுக்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. நாற்பத்து மூன்று வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தத் தண்ணீருக்கு விளக்குப் போடுகிறவள் அவள்தான். ஆவுடையப்பன் குழு வருவதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே.

"அது குழாய்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? பக்கத்துல நின்னுதானே பாத்தீங்க?"

"தெரியாம என்ன? குழாயின்னு சொல்லித்தான மனு எழுதுனோம். குழாயின்னா வெளக்குப் போடக் கூடாதா?"

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பதிவேடு தப்பு, துளை இதுதான், சர்க்கார் நிலத்தில் சர்க்கார் போட்டது, யாரும் பூட்ட முடியாது என்று. அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"ஏன் எடத்த மாத்துனியன்னு கேப்பாவளே?"

"கேப்பாங்க."

"என்ன சொல்லுவிய?"

"நீங்க சொன்னதைத்தான் சொல்லுவேன். ராமர் அம்பு விட்ட கதையை."

அவள் எழுந்து, காலியான டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அது எதுக்கு சார் இப்ப? வேற எதாவது சொல்லுங்களேன்."

பெருமையைத் தான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறாள். அந்த நல்ல குணம் அப்போதும் இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அறையிலேயே இருந்தேன். மதியம் இட்லிதான் கிடைத்தது.

ஜீப்பைப் பற்றி முன்னால் எழுதியது சரியில்லை. அன்று ஜீப் வரவே மதியம் ஆயிற்று. காலை முழுவதும் மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேட்டுத்தெரு இருநூறு கஜம்கூட இல்லை. போனால் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்ததால்தான் போகவில்லை. வீட்டில் என்ன சொல்வார்கள், துறையில் என்ன சொல்வார்கள் என்று கணக்குப் போட்டேன். கோழைத்தனம். வேறு பெயர் வைக்க இஷ்டமில்லை.

பாக்கியத்தோடு முப்பத்தாறு வருஷம் நன்றாகத்தான் வாழ்ந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் உண்மை, இதுவும் உண்மை.

பிப்ரவரி 17, திங்கள்

விசாரணை பதினொரு மணிக்கு. வட்டாட்சியர் நாற்பது வயதுப் பெண்மணி, பேச்சில் சுருக்கமானவர். ஒரு பக்கம் ஆவுடையப்பனும் குழுவினரும். மறுபக்கம் மேட்டுத்தெருவிலிருந்து பதினைந்து பேர். மாடத்தி கடைசி பெஞ்சில்.

ஆவுடையப்பன் பதிவேட்டின் நகலைக் கொடுத்து, அறுபதடி வித்தியாசத்தை விளக்கி, என்னைக் காட்டி, "கையெழுத்துப் போட்டவங்களே வந்திருக்காங்க அம்மா," என்று பெருமையோடு உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன்.

"இந்தக் கையெழுத்து என்னோடதுதானுங்க. ஆனா இதுல எழுதியிருக்கிற இடம் தப்பு. தெரிஞ்சேதான் தப்பா எழுதினேன். ஐந்தாம் துளை, இப்ப சுனைன்னு சொல்ற அதே இடத்துலதான் போட்டது. அம்புக்கல்லை எடுத்துட்டுப் பாத்தா குழாய் இருக்கும்."

ஆவுடையப்பன் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. தலையில் துண்டு போட்டுக் கூட்டிக்கொண்டு வந்த மனுஷன்.

"ஏன் சார் தப்பா எழுதுனீங்க?" என்றார் வட்டாட்சியர்.

"மேலதிகாரி சொன்ன இடத்தை மாத்திட்டேனுங்க. சொல்றதுக்குப் பயம்."

"ஏன் மாத்துனீங்க?"

சொன்னேன். தண்ணீர் சுமக்க வந்த ஒரு பெண், அங்கே ராமர் அம்பு விட்ட கதை இருக்கிறது, பழைய சுனை தூர்ந்துபோயிற்று என்று சொன்னதையும், நம்பிப் போட்டபோது நூற்றுப் பத்தடியில் தண்ணீர் வந்ததையும். பெயர் கேட்டார். மாடத்தி என்றேன். எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

யாரும் எதிர்பார்க்காதபடி ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். "அம்மா, இத எழுதிக்கிடுங்க! போர் போடுததுக்கு முன்னாலயே கத இருந்திருக்கு! சுனை இருந்திருக்கு! ஒரு சர்க்கார் புவியியல் அதிகாரியே சொல்லுதாரு! இதுக்கு மேல என்ன சான்று வேணும்?"

வட்டாட்சியர் பேனாவை மூடினார். "கதை இருக்கட்டும் சார், சந்தோஷம். நிலம் சர்க்கார் புறம்போக்கு. போர் சர்க்கார் போட்டது. அதனால தண்ணி எல்லாருக்கும் பொது. சாமி கும்பிடுங்க, விளக்குப் போடுங்க. சுவரும் கூடாது, பூட்டும் கூடாது. தொட்டிக்குள்ள குளிக்கவும் கூடாது, அது மேட்டுத்தெருவுக்கு."

வெளியே வந்ததும் ஆவுடையப்பன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பூட்டு போன வருத்தமே இல்லை. நான் சொன்னதைக் கோயில் மலரில் முதல் பக்கத்தில் போடப் போகிறாராம், போட்டோ வேண்டுமாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழு வருஷத் தடை போய்விட்டது. பத்தாவது அத்தியாயத்தின் முதல் வரியை லாட்ஜுக்கு வரும் வழியிலேயே மனதில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. எதிர் சீட்டில் ஒரு குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டது, பெட்டி முழுக்க வாசனை.

பத்தாவது அத்தியாயம் இனி இல்லை. புத்தகம் ஒன்பதோடு முடிகிறது.

காலையில் கடைசியாக ஒரு முறை பொத்தைக்குப் போய், வந்த பஸ்ஸிலேயே திரும்பாமல், ஒரு மணி நேரம் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டு மெயின் ரோட்டிலிருந்து ஊர் பிரியும் விலக்குக்கு நடந்தேன். பஸ் நிறுத்தத்தில் மாடத்தி நின்றிருந்தாள். வழியனுப்ப வந்தேன் என்றாள்.

"சார், ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"ராமரு அம்பு விட்ட கத எங்க ஊர்ல கெடையாது."

எனக்குப் புரியவில்லை.

"நாந்தான் சொன்னேன். அன்னைக்கு வாயில வந்ததச் சொன்னேன். பாட்டனும் இல்ல, பூட்டனும் இல்ல. எவுகளும் ஏங்கிட்ட சொல்லல. கோடையிலயும் அந்த எடத்துல மட்டும் கோரப்புல்லு பச்சையா நிக்கும். ஆடுவ அங்கன போயி மண்ண மோந்து பாக்கும். அடியில தண்ணி கெடக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு மைலு சொமந்து சொமந்து எங்க எல்லாருக்கும் கழுத்து எறங்கிப்போச்சு. புல்லு நிக்கின்னு தண்ணி சொமக்க வந்தவ சொன்னா, படிச்ச ஆபீசரு மிஷின நவுத்துவாரா? அதான் ராமர இழுத்தேன்."

நான் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெறவு நெசமாவே தண்ணி பொத்துக்கிட்டு வந்துச்சா, எனக்குக் கையும் காலும் ஆடிப்போச்சு. நான் பொய்யின்னு நெனச்சுச் சொன்னேன். ராமரே ஏன் வாயில வந்து சொல்லிட்டாரோன்னு பயந்துட்டேன். அந்தச் சனிக்கெழமையே வெளக்கு வச்சேன். ஏன் வைக்கேன்னு கேட்டவுகளுக்குக் கதையச் சொன்னேன். நான் சொன்னத அவுக சொன்னாவ. இப்பம் தலைமையாசிரியரு ஏங்கிட்டயே வந்து சொல்லுதாரு."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஒன்பது அத்தியாயத்தில் ஊர் ஊராகப் போய்க் கதைகளை உடைத்துப் பார்த்தவன், இந்த ஒன்றை மட்டும் உடைத்துப் பார்க்காமலே நாற்பத்து மூன்று வருஷம் மடியில் வைத்திருந்திருக்கிறேன். யார் சொன்னது என்பதால்தான். பிறகு சிரிப்பு நின்றது. நேற்று வட்டாட்சியரிடம் சொன்னது பொய்யாகிவிட்டதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவள் சொன்னாள், நான் நகர்த்தினேன், அவ்வளவுதான் சொன்னேன். ஆவுடையப்பனிடம் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. கதை அவளுடையது.

"தண்ணி வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லத்தான் இருந்தேன். பயம் தெளியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியளே."

மன்னிச்சுக்குங்க என்றேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது.

"நெசத்தச் சொல்லுங்க சார். புல்லு நிக்கின்னு சொல்லியிருந்தா மிஷின நவுத்தியிருப்பியளா?"

இனி யாருக்குப் பயந்து மறைப்பது என்று தோன்றியது.

"நீங்க ஒண்ணுமே சொல்லாமக் கையை மட்டும் காட்டியிருந்தாலும் நவுத்தியிருப்பேனுங்க."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெண், பெட்டியில் அடுக்கிய கல்லைப் பார்த்தபடி நின்ற அதே பார்வை.

"அது தெரியாமப் போச்சே," என்றாள். "தெரிஞ்சிருந்தா எங்க வீட்டு வாசல்லயே கையக் காட்டியிருப்பேன்லா."